டிரெய்லரே வீடாக: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் குடியிருக்க ஒரு வழிகாட்டி

காரின் பின்னாலோ ஜீப்பின் பின்னாலோ பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன் டிரெய்லரையே வீடாகக் கொண்டு, ஆண்டு முழுவதும் ஊர் மாறி ஊர் வாழ எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் மாதத்தில் நான்கைந்து நாட்கள்தாம் வண்டி சாலையில் ஓடும். மற்ற நாட்களெல்லாம் அது ஓரிடத்தில் நிற்கும். எங்கே நிறுத்துவது, யாரிடம் கேட்டு நிறுத்துவது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது, கழிவை எங்கே சேர்ப்பது என்பவற்றைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டவர்களே இதில் நிலைத்து நிற்கிறார்கள். ஆகவே ஓட்டும் முறையை அதற்குரிய அளவில் சொல்லிவிட்டு, நிற்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வாழ்க்கைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் மிகவும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சென்னைக்குப் பிரியும் 48ஆம் எண் சாலை, ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் செல்லும் 77ஆம் எண் சாலை, குப்பம் பக்கம் செல்லும் 42ஆம் எண் சாலை ஆகிய நான்கும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. அதைவிட முக்கியமானது நிலத்தின் ஏற்ற இறக்கம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டரை ஒட்டியும், அரூர்ப் பக்கம் அதற்கும் தாழ்ந்தும் இருக்கின்றன. எனவே 100 கிலோமீட்டருக்குள் இடம் மாறினாலே கோடைக்கு ஒரு வீடு, பனிக்காலத்துக்கு ஒரு வீடு என்று அமைத்துக்கொள்ள முடியும். ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பகுதியில் இருந்துவிட்டு, மழையும் குளிரும் தொடங்கும்போது காரிமங்கலம், பாலக்கோடு, அரூர் பக்கம் இறங்குவது நல்ல சுற்று. தகரமும் பிளைவுட்டும் கொண்ட சிறு அறைக்குள் குளிர்சாதனம் இல்லாமல் மே மாதப் பகலைக் கழிக்க வேண்டியவர்களுக்கு, உயரம் தரும் இந்தச் சில பாகை வேறுபாடு பெரிய நிம்மதி.

வாங்கும்போது

நாமக்கல், கரூர், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் பேருந்துக்கும் பாடி கட்டும் திறமையான பட்டறைகள் பல இருப்பதால், அங்கே ஒரு டிரெய்லரைச் செய்து வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுமானத் திறமையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் அந்த வடிவமைப்பைச் சோதித்துத் தரும் வகை ஒப்புதல் இல்லாத டிரெய்லரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுசெய்வது இயலாது. பதிவு இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே ஒப்புதல் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் மத்திய அரசின் வகைப் பட்டியலில் போக்குவரத்து அல்லாத, அதாவது வாடகைக்கு ஓடாத, வாகனங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. அதையே பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, இழுக்கும் வண்டியின் பதிவு எண்ணும் டிரெய்லரின் மேல் தெரியும்படி இருக்க வேண்டும்; ஏனெனில் பின்னால் வருபவருக்குக் காரின் எண் பலகை மறைந்துவிடுகிறது. ஓசூர்ப் பக்கம் வாழ்பவர்கள் எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்தில் நீண்ட காலம் தங்க நேரலாம் என்பதால் 47ஆம் பிரிவையும் நினைவில் வைத்திருங்கள்: ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும்.

எடையும் முன்பாரமும்

இழுக்கும் வண்டியின் கையேட்டில் அது எவ்வளவு எடையை இழுக்கலாம், டிரெய்லரைப் பூட்டும் கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்ற இரண்டு எண்களும் இருக்கும். இந்த எண்கள் கையேட்டில் இல்லாத வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புதிதாக இழுக்கப் பழகுபவர்கள், பொருள்கள் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடை காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பல நாடுகளில் கேரவன் ஓட்டுநர்கள் பின்பற்றும் வழக்கம். நம் சாலைகளில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் நன்றே.

வெற்று எடை 900 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,200 கிலோ என்று ஒரு டிரெய்லர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 300 கிலோ தாராளமாகத் தோன்றும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 100 கிலோ; வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரிகள் இரண்டு வைத்தால் 100 கிலோவைத் தாண்டும்; சிலிண்டர், பாத்திரம், அரிசி, துணி, படுக்கை என்று வைக்கத் தொடங்கினால் எஞ்சிய இடமும் தீர்ந்துவிடும். இதனால்தான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் விலை கூடுதலானாலும் அதையே பரிந்துரைக்கிறேன். 100 ஆம்பியர் மணி கொண்ட ஒன்று 12 கிலோ அளவில்தான் இருக்கும். கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எந்த ஊரிலும் இட்லி மாவு கிடைக்கிறது.

மொத்த எடையைப் போலவே அது எங்கே இறங்குகிறது என்பதும் உயிரைக் காக்கும் விஷயம். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரமும் பின்பாரமும் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரிலும் அதேதான் நடக்கிறது. பின்பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கப்பட்டுக் காரின் பின்சக்கரப் பிடிமானம் குறைகிறது. சற்று வேகம் கூடியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். கனமான பொருள்களை அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ தரையை ஒட்டி வையுங்கள். மேல் அலமாரிகளில் துணியும் படுக்கையும் மட்டும் இருக்கட்டும். பின்பக்கம் சைக்கிளையோ கூடுதல் தண்ணீர்க் கேனையோ தொங்கவிடாதீர்கள்.

இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. மாங்கூழ் ஆலைகளும் புளி வியாபாரமும் கிரானைட் தொழிலும் நிறைந்த கிருஷ்ணகிரிப் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. டிரெய்லரைக் கழற்றி அதை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை எடை பாருங்கள். பிறகு காருடன் பூட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி நிறுத்தி மறுமுறை பாருங்கள். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே முன்பாரம். குடியேறும்போது ஒருமுறையும், அதன்பின் புதிதாகக் கனமான பொருள் எதையேனும் சேர்க்கும்போதெல்லாமும் இதைச் செய்ய வேண்டும்.

சாலையில்

பின்னுக்கு எடுப்பதை டிராக்டர் ஓட்டுநர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரைக் குறுகிய களத்து வாசலுக்குள் ஒரே முயற்சியில் பின்னுக்கு ஏற்றுபவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகக் கையை மெல்ல நகர்த்துவது எளிய முறை. அறுவடை முடிந்து காய்ந்த நிலத்தில் ஒரு வாரம் காலையும் மாலையும் பழகினால் கை வந்துவிடும்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை அழுத்தவும் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தை அடக்க முயலவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருங்கள். டிரெய்லருக்கு மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்கலாம். நான்குவழிச் சாலையிலும் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வேகமே போதும். பெரிய பேருந்துகள் முந்திச் செல்லும்போது வரும் காற்றுத் தள்ளலை அந்த வேகத்தில் எளிதாகச் சமாளிக்க முடியும். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தை உறங்குகிறது என்பதற்காகவும் விதிவிலக்கு வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் மூன்று இடங்களைத் தனியே சொல்ல வேண்டும். முதலாவது தொப்பூர்க் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் திசையில் நெடுஞ்சாலை நீண்ட சரிவாக இறங்குகிறது. இங்கே நடந்துள்ள விபத்துகளில் பிரேக் பிடிக்காமல் போன கனரக வாகனங்களால் நேர்ந்தவை பல. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் வழக்கம் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது. சரிவு தொடங்குவதற்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, டிரெய்லரின் பிரேக், கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, குறைந்த கியரில் இறங்கத் தொடங்குங்கள். பாதிச் சரிவில் கியரைக் குறைக்க முயல்வது ஆபத்து. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், சற்று அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் சூடு தணியும். இடது ஓரத் தடத்திலேயே இருங்கள். மழையிலும் இரவிலும் டிரெய்லருடன் தொப்பூரில் இறங்காமல் தருமபுரியிலேயே தங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை, சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் பாதை. இங்கே கவனிக்க வேண்டியது என்ஜின் சூடு. வெயில் நேரத்தில் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி நிதானமாக ஏறுங்கள். விடியற்காலையில் புறப்பட்டால் இந்தக் கவலையே இராது. மூன்றாவது, மலைப்பாதைகள். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒகேனக்கலுக்குச் செல்லும்போது, பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுக்குள் வளைந்து இறங்கும் பாதையில் டிரெய்லரை இழுத்துச் செல்ல வேண்டிய தேவையே இல்லை. அதைப் பென்னாகரத்தில் பாதுகாப்பாக நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் போய் வாருங்கள். வத்தல்மலைக்கும் ஏற்காட்டுக்கும் இதே முறைதான்.

நிறுத்த இடம் கேட்பது

கேரவன் நிறுத்துவதற்கென்றே மின்சாரமும் தண்ணீரும் கழிவு வாங்கும் வசதியும் அமைந்த முகாம்களை நம் பகுதியில் எதிர்பார்த்துப் புறப்பட வேண்டாம். இங்கே உங்கள் முகாம் என்பது ஒரு விவசாயியின் தோட்டத்து ஓரம், ஒரு கல்யாண மண்டபத்தின் காலி இடம், தெரிந்தவரின் தென்னந்தோப்பு, அல்லது லாரி ஓட்டுநர்கள் உறங்கும் பெட்ரோல் பங்க்கின் பின்பகுதி. பெட்ரோல் பங்க் ஓரிரவுக்கு மட்டுமே ஏற்றது. வாழ்வதற்குத் தோட்டம்தான் வேண்டும்.

பட்டா நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதலுடன் மட்டுமே நில்லுங்கள். ஏரிக்கரை, ஆற்றுப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம் ஆகியவை யாருக்கும் சொந்தமில்லாதவை போலத் தோன்றினாலும், ஊருக்கு அவற்றின்மேல் பழக்கமும் உரிமையும் உண்டு. பகல் வெளிச்சத்தில், டிரெய்லரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, நடந்துபோய்க் கேளுங்கள். குடும்பமாக இருந்தால் இருவரும் சேர்ந்து போவது நல்லது. “அண்ணா, நாங்க வண்டியிலேயே குடியிருக்கறோமுங்க. உங்க தோட்டத்து ஓரமா நாலு நாள் நிறுத்திக்கலாமுங்களா?” என்று நேராகக் கேட்டால், பெரும்பாலும் முதல் கேள்வி எந்த ஊர் என்பதாகவும், இரண்டாவது கேள்வி சாப்பிட்டீர்களா என்பதாகவும் இருக்கும். எத்தனை நாள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சொன்ன நாளில் கிளம்புங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் ஆதார் நகலையும் வண்டிப் பதிவுச் சான்றின் நகலையும் உரிமையாளரிடம் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தகவல் சொல்லிவிடுவது அவருக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. தளி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் நிறைய. அந்த மொழிகளில் நான்கு வார்த்தை பேசினாலே அவர்களின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

மாந்தோப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிழலும் சமதரையும் சேர்ந்த இடம் என்றால் அதுதான். தோப்பின் காய்ப்பு பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான பருவத்தில் உரிமையாளர் சம்மதித்தாலும் குத்தகைதாரரின் அனுமதி தனியே வேண்டும்; காய் காணாமல் போனால் சந்தேகம் முதலில் உங்கள் மேல்தான் விழும் என்பதால், அந்தக் காலத்தில் தோப்புக்குள் தங்காமல் இருப்பதே நல்லது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூப்பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். குழந்தைகளுடன் அங்கே இருக்கக் கூடாது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தோப்பு ஓய்வாக இருக்கும். அப்போது கேட்டால் மகிழ்ச்சியோடு இடம் தருவார்கள். சூரியத்தகடு கூரையில் இருந்தால் அடர்ந்த நிழலில் அது பயன்படாது என்பதால், மேற்கு வெயிலை மரம் மறைக்கும்படியும் காலை வெயில் தகட்டில் விழும்படியும் மரத்துக்குக் கிழக்கே நிறுத்துங்கள். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் கிளைகள் முறியும்; பட்டுப்போன கிளைகளுக்கு நேர்கீழே எந்தக் காலத்திலும் நிற்காதீர்கள். டிரெய்லரின் பக்கவாட்டில் விரிக்கும் வெளிப்பந்தலை விரித்துவைத்தபடி வெளியூர் போகாதீர்கள்.

காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில் நிறுத்த ஆசை வரும். தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணையின் மதகு திறந்தாலும், காவிரியில் கர்நாடக அணைகளிலிருந்து நீர் விடப்பட்டாலும், நீங்கள் நிற்கும் ஊரில் ஒரு துளி மழையில்லாமலே வெள்ளம் வரும். ஆற்றுக்குள் டிரெய்லரை இறக்கவே கூடாது.

மேட்டுப்பகுதியில் யானைகளை மனத்தில் வைத்தே இடம் தேட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டிப் பன்னார்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளுக்கு வருகின்றன. வயல்களில் கேழ்வரகு விளைந்து நிற்கும் காலம் அது. பலாவும் வாழைப்பழமும் உப்பும் யானையை ஈர்க்கும்; ஒரு டிரெய்லரின் சுவர் அதற்கு எந்தத் தடையும் அல்ல. அந்த மாதங்களில் காட்டோரக் கிராமங்களைத் தவிர்த்துவிட்டு ஊருக்குள் நில்லுங்கள். எப்போது போனாலும் வனச்சரக அலுவலகத்தில் நிலவரம் கேளுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைச் சாலைகளில் பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டாதீர்கள். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில் நாம்தான் விருந்தாளிகள்.

இடம் கிடைத்ததும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே கொக்கியைக் கழற்றுங்கள். இட வல மட்டத்தைச் சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து முதலில் சரிசெய்யுங்கள். முன் பின் மட்டத்தை அடுத்ததாகக் கொக்கியருகே உள்ள சிறு முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள். நான்கு மூலையிலும் உள்ள தாங்குகால்கள் ஆட்டத்தைத் தடுக்க மட்டுமே. அவற்றால் டிரெய்லரைத் தூக்க முயன்றால் அதன் அடிச்சட்டம் வளைந்துவிடும்.

தண்ணீர்

இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பழைய தலைமுறையினர் பலரின் பற்களில் பழுப்புக் கறையாகவும், சிலருக்கு மூட்டுகளும் முதுகும் விறைத்துப்போன நிலையாகவும் அதன் பாதிப்பை இன்றும் காணலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை அனுமதி. காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளோரின், கரி வடிகட்டி, புறஊதாக் கருவி ஆகிய எதுவும் அதை நீக்காது. ஆர்.ஓ. கருவி நீக்கும்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இந்தத் துன்பத்தைப் போக்கவே காவிரி நீரை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. ஆகவே புதிய இடத்தில் குழாயைக் காட்டி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இது ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?” ஒகேனக்கல் நீர் என்றால் குடிக்கவும் சமைக்கவும் தனிக் கேனில் பிடித்துக்கொள்ளுங்கள், ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பிக் குளிக்கவும் கழுவவும் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். வளரும் குழந்தைகள் இருக்கும் குடும்பத்தில் இதில் சிறிதும் தளர்வு வேண்டாம், ஏனெனில் பல் உருவாகும் வயதில் ஏற்படும் கறை வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

வாளியும் சொம்பும் வைத்துக் குளித்து, பாத்திரத்தை முதலில் துடைத்துவிட்டுப் பிறகு கழுவினால், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும். 100 லிட்டர்த் தொட்டி இருவருக்கு இரண்டு நாள் வரும். இடம் மாறும் நாளில் தொட்டியை வெறுமையாக்கிவிட்டுச் சென்று, சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொண்டால் பாரம் குறையும்.

மின்சாரமும் எரிவாயுவும்

தோட்டத்தில் நிற்கும்போது மோட்டார் அறையிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று உரிமையாளரே அன்போடு சொல்லக்கூடும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது விதிமீறல். உங்களுக்கு இடம் கொடுத்தவருக்கே அபராதம் வரும். வீட்டு இணைப்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் சிறிய மீட்டர் ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டு யூனிட் கணக்கில் பணம் கொடுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணமில்லை என்பதால், உங்கள் பயன்பாடு அவர்களை மேல்கட்டணப் படிக்குத் தள்ளாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்த டிரெய்லரிலும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். தகரக் கூண்டில் மின்கசிவு ஏற்பட்டால் ஈரக்காலோடு ஏறுபவர் உயிருக்கே ஆபத்து என்பதால், பிளக்கின் எர்த் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே இணையுங்கள்.

தன்னிறைவாக வாழ 400 வாட் சூரியத்தகடு போதும். தெளிந்த நாளில் அது ஏறத்தாழ ஒன்றரை யூனிட் தரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி 14 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு. 12 வோல்ட் சிறு குளிர்பெட்டிக்கு அரை யூனிட். விளக்கு, கைப்பேசி, மடிக்கணினிக்கு மீதி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் சேரும். மேகமூட்ட நாட்களுக்காக இரண்டு வையுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பையும் குளிர்சாதனத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டரே வசதி. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கக்கூடியது கிடைக்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளையும், தரையை ஒட்டிக் கசிவு உணரியும் இருக்க வேண்டும். புறப்படும் முன் வால்வை மூடுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்து உறங்குவது மரணத்தில் முடியும்.

கழிவு

பெட்டி வடிவக் கழிப்பறையின் தொட்டி 20 லிட்டர் அளவில் இருக்கும். இருவருக்கு இரண்டு மூன்று நாட்களில் நிறையும். செப்டிக் தொட்டியுடன் இணைந்த கழிப்பறையில், உரிமையாளரிடம் கேட்டு, அதில் மட்டுமே கொட்ட வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தை ஊற்றினால் செப்டிக் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும்; அதைப் பயன்படுத்தாதீர்கள். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை என் தேர்வு. அதற்கு வேண்டிய தென்னை நார்க்கழிவு காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி பக்கம் எளிதில் கிடைக்கும். மணமும் வராது, தண்ணீரும் செலவாகாது. சோப்பு நீரை வாளியில் பிடித்து, கிணற்றிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில் தேங்காமல் மரத்தடிகளில் பரவலாக ஊற்றுங்கள். ஏரியிலோ ஓடையிலோ ஒரு குவளைகூட ஊற்றாதீர்கள். கீழே யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

குடியேறும் முன்

ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கி, காப்பீடு எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி தேவை. பெற்றோர் வீடோ உடன்பிறந்தோர் வீடோ அதற்கு ஒத்துக்கொண்டால், வரும் கடிதங்களைப் படமெடுத்து அனுப்பும் பொறுப்பையும் அவர்களிடமே பேசி முடித்துவிடுங்கள். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் ஒரு மாத இருப்பை வைத்திருப்பதும், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு எட்டிய தூரத்தில் தங்குவதும் நல்லது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதிலும் பச்சிலையிலும் நேரம் போக்காமல் 108ஐ அழையுங்கள். அழைப்பில் இடத்தைச் சொல்ல வசதியாக, ஒவ்வொரு புதிய இடத்திலும் கிராமத்தின் பெயரையும் அடையாளத்தையும் தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன் வயதால் வெடிக்கும். ஆறு ஆண்டுகளைத் தாண்ட விடாதீர்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுங்கள்.

வாடகை வீட்டை உடனே காலிசெய்ய வேண்டாம். டிரெய்லரை வாசலில் நிறுத்தி, வீட்டு மின்சாரத்தையும் குழாயையும் தொடாமல் இரண்டு வாரம் அதிலேயே சமைத்து, குளித்து, உறங்கிப் பாருங்கள். அதன்பின் காரிமங்கலம் அல்லது பாலக்கோட்டைப் போலச் சமதரையான, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய ஊரில் ஒரு வாரம் தங்குங்கள். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் இப்படி விட்டுவிட்டு வாழ்ந்து பார்த்து, வீட்டிலுள்ள அனைவரும் மனமொப்பிச் சம்மதித்த பிறகு, வீட்டு உரிமையாளரிடம் முன்னறிவிப்புக் கொடுங்கள்.